திராட்சைத் தோட்டம், இயற்கைப் பூங்கா வழியே ஒரு மிதமான சைக்கிள் சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிவாரத்தில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், அவற்றுக்கு மேலே மரங்கள் அடர்ந்த குன்று. இவ்விரண்டையும் ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஓரளவு சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள், ஆனால் பந்தயப் பயிற்சி எதுவும் இல்லாதவர்கள் என்று வாசகரைக் கருதியே இவை எழுதப்பட்டுள்ளன.

மிதமான சுற்று என்று எதைச் சொல்கிறோம்?

தூரத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. சமதரையில் 60 கி.மீ. ஓட்டுபவர், மேடும் பள்ளமுமான நிலத்தில் 30 கி.மீ.யிலேயே களைத்துவிடக்கூடும். 35 முதல் 50 கி.மீ. தூரமும், மொத்தமாக 400 முதல் 700 மீட்டர் ஏற்றமும் கொண்ட சுற்றைப் பெரும்பாலோர் மிதமானதாக உணர்வார்கள். மொத்த ஏற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்துப் பார்ப்பது எளிய வழி. ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் இருந்தால் அது மிதமானது; பதினைந்தைத் தாண்டினால் கடினம் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஏற்றம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6% சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கு ஏறத்தாழ 150 வாட் ஆற்றல் தேவைப்படும். உடல்நலமுள்ள, ஓரளவு பழகிய ஒருவரால் இதை அரை மணி நேரத்துக்கோ அதற்கு மேலோ தாக்குப்பிடிக்க முடியும். அதே ஆற்றலைக் கொண்டு 12% சரிவில் ஏறினால் வேகம் மணிக்கு 5 கி.மீ. என்ற அளவுக்கு விழுந்துவிடும். அந்த வேகத்தில் சைக்கிளை நேராக நிறுத்துவதே பெரும்பாடு. எனவே 600 மீட்டர் ஏற்றம் என்ற எண்ணை விட, அதில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி எவ்வளவு என்ற எண்ணே உங்கள் நாளைத் தீர்மானிக்கும்.

திராட்சைத் தோட்டங்களும் காடும் பல இடங்களில் அடுத்தடுத்து இருப்பது ஏன்?

திராட்சைக் கொடிக்கு நீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் வேண்டும். குளிர்நாடுகளில் இரவில் குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால், அடிவாரச் சரிவுகளில் இருக்கும் கொடிகள் உறைபனியிலிருந்து தப்பிக்கின்றன. சரிவின் மேற்பகுதியில் மண் மெலிந்து, செங்குத்து கூடி, பயிரிட ஏலாத நிலையில் காடு மிஞ்சியிருக்கிறது. பிரான்ஸில் அல்சாஸ் தோட்டங்களுக்கு மேலே வோஷ் மலைகளும், ஜெர்மனியில் ஒயின் சாலை என்று பெயர்பெற்ற பாதையின் ஓரத்தில் பிஃபால்ட்சர்வால்ட் இயற்கைப் பூங்காவும் அமைந்திருப்பது இப்படித்தான்.

பூங்கா என்றாலே ஆள் நடமாட்டமற்ற காடு என்று நினைத்துவிடக் கூடாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வகைப்பாட்டில் ஐந்தாம் வகை, மனித உழைப்பால் உருவான நிலத்தோற்றங்களைப் பாதுகாப்பதற்கென்றே உள்ளது. அத்தகைய பகுதிகளுக்குள் தோட்டங்களும் ஊர்களும் சேர்ந்தே இருக்கும். கடுமையான பாதுகாப்புள்ள மையப் பகுதி அதற்குள் சிறு துண்டாக ஒதுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் பாதை எந்த வகையான நிலத்தில் போகிறது என்பதைத் திட்டமிடும்போதே அறிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் விதிகள் அதைப் பொறுத்தே மாறுகின்றன.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

இதற்கு விடை கிடைத்துவிட்டால் திட்டத்தில் பாதி முடிந்துவிடும். பலரும் வரைபடத்தில் ஒரு வட்டத்தை வரைந்துவிட்டு, வலமா இடமா என்பதைப் புறப்படும் நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். ஒரே பாதை, ஒரு திசையில் இனிய பயணமாகவும் மறு திசையில் தண்டனையாகவும் இருக்கக்கூடும்.

முதலில் பாதைகள் யாருக்காகப் போடப்பட்டவை என்று பார்க்க வேண்டும். தோட்டத்து வண்டிப்பாதைகள் டிராக்டருக்காகப் போடப்பட்டவை. டிராக்டருக்குச் செங்குத்து ஒரு பொருட்டல்ல. ஆகவே பல தோட்டங்களில் காங்கிரீட் பாதை கொடி வரிசைகளுக்கு இணையாக, நேரே மேல்நோக்கி, 15% அல்லது அதற்கும் மேற்பட்ட சரிவில் ஏறும். காட்டுச் சாலைகளோ பெரும்பாலும் மரம் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காக வெட்டப்பட்டவை. சுமையேற்றிய லாரியால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், அவை குன்றை வளைந்து வளைந்து சுற்றி, மிதமான சரிவிலேயே மேலே போகும். ஆகவே தோட்டங்களைக் குறுக்காக, அடிவாரத்தை ஒட்டிய கிடைமட்டப் பாதைகளில் கடந்து செல்லுங்கள், உயரத்தைக் காட்டுச் சாலையில் சம்பாதியுங்கள், தார்ச்சாலையில் இறங்குங்கள். எந்த ஊரில் திட்டமிட்டாலும் எனது முதல் வரைவு இந்த வரிசையில்தான் இருக்கும்.

அடுத்தது வெயில். ஆள் உயரமே உள்ள கொடி வரிசைகளால் சாலைக்கு நிழல் தர முடியாது; கற்கள் நிறைந்த மண் பகலில் வெப்பத்தை உறிஞ்சிப் பிற்பகலில் உமிழ்கிறது. எனவே தோட்டப் பகுதியைக் காலையிலும், ஏற்றத்தை வெயில் ஏறும் வேளையில் மரநிழலிலும் வைத்துக்கொள்வது நல்லது. மேற்கு நோக்கிய சரிவாக இருந்தால் இது கட்டாயம். கிழக்கு நோக்கிய சரிவாக இருந்தால் பிற்பகலில் குன்றின் நிழல் தோட்டத்தின் மேல் விழும் என்பதால், வரிசையை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். திறந்தவெளியான தோட்டப் பகுதியை எதிர்க்காற்றில் கடப்பதானால், அது கால்கள் புத்துணர்வுடன் இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தில் அமையட்டும்.

ஒவ்வொரு செயலியும் வேறு வேறு ஏற்ற அளவைக் காட்டுகிறதே, எதை நம்புவது?

எதையும் முழுமையாக நம்ப வேண்டியதில்லை. திட்டமிடும் செயலிகள் நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த தரவிலிருந்து எடுக்கின்றன. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் அத்தகைய தரவு ஒன்று, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்டது. அதன் கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. அடர்ந்த காட்டில் ரேடார் அலை தரையைத் தொடாமல் மரக்கிளைகளிலிருந்தே திரும்பிவிடுவதால் உயரம் கூடுதலாகப் பதிவாகிறது. குன்றை ஒட்டி வளைந்து செல்லும் சமமான பாதை, பக்கத்துக் கட்டத்தின் உயரத்தை மாறி மாறி எடுத்துக்கொண்டு, இல்லாத ஏற்ற இறக்கங்களைக் காட்டும். அதன்பின் ஒவ்வொரு செயலியும் தன் போக்கில் அந்த எண்களைச் சீராக்குகிறது.

இரண்டு செயலிகளுக்கிடையே 15 அல்லது 20 விழுக்காடு வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டாம். பெரிய எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள். செங்குத்தான இடங்களைச் சரிபார்க்கப் பழைய முறையே நம்பகமானது. சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்து, பாதையின் ஒரு கிலோமீட்டரில் எத்தனை கோடுகள் குறுக்கிடுகின்றன என்று எண்ணுங்கள். கோடுகளின் இடைவெளி 20 மீட்டராக இருந்து ஐந்து கோடுகள் குறுக்கிட்டால் அது 10% சரிவு. கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், செயலி என்ன சொன்னாலும், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் பாதை இருந்தால் அதில் போகலாம் என்று பொருளா?

இல்லை. பாதை இருக்கிறது என்பதை மட்டுமே வரைபடம் சொல்கிறது. அனுமதி என்பது வேறு செய்தி. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற இணைய வரைபடங்களில் ஒரு பாதையைத் தொட்டுப் பார்த்தால், அது தனியார் பாதையா, சைக்கிளுக்குத் தடையா, மேற்பரப்பு தாரா சரளையா, மண்பாதையானால் ஐந்து தரங்களில் எத்தனையாவது என்ற விவரங்கள் பல இடங்களில் பதியப்பட்டிருக்கும். முதல் இரண்டு தரங்கள் எல்லாச் சைக்கிளுக்கும் ஏற்றவை. நான்கும் ஐந்தும் மழைக்குப் பிறகு உழுத வயல் மாதிரி ஆகிவிடும். மிதமான சுற்றில் அவற்றுக்கு இடமில்லை.

பூங்கா விதிகள் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், காட்டுக்குள் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்குப் பொதுவாக அனுமதியில்லை. மற்ற ஜெர்மானிய மாநிலங்களில் இதே அளவுகோல் கிடையாது. பிரான்ஸின் தென்கிழக்கில், கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாட்களில் முழுக் காட்டுப் பகுதிகளையே மூடிவிடுகிறார்கள். அந்த முடிவு அன்றன்றைய நிலையைப் பொறுத்தது. ஆகவே பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைத் திட்டமிடும்போது ஒருமுறையும், புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் ஒருமுறையும் பார்த்துவிட வேண்டும்.

தோட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

அது அவர்களுடைய பணியிடம் என்பதை மறக்கக் கூடாது. டிராக்டர் வந்தால் ஓரம் கட்டி, கால் ஊன்றி நின்று வழி விடுங்கள். குறுகிய பாதையில் பின்னோக்கிப் போக அதனால் எளிதில் முடியாது. வரிசை முனையில் டிராக்டர் திரும்பும்போது அதன் பின்புறக் கருவி அகலமாக வீசும். அந்த நேரத்தில் அதைத் தாண்ட முயல்வது ஆபத்து.

மருந்து தெளிக்கும் வேளையில் கூடுதல் கவனம் வேண்டும். திராட்சை நோய்களுக்குக் கந்தகத்தூளும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பயன்பட்டு வருகின்றன. இன்று வேறு பல மருந்துகளும் உள்ளன. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையும் மாலையுமே தெளிப்புக்கு ஏற்ற வேளைகள் என்பதால், நாம் ஓட்ட விரும்பும் நேரமும் தெளிக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கொடிகளுக்கு மேலே புகைமூட்டம் போன்ற சாரல் தெரிந்தால், காற்று வீசும் பக்கம் எது என்று பார்த்து, சாரல் தன்மேல் படாத தொலைவில் நின்று, வண்டி அடுத்த வரிசைகளுக்குப் போன பிறகு கடந்து செல்ல வேண்டும். கொத்தாகத் தொங்கும் பழத்தைப் பறித்து வாயில் போடுவது கூடவே கூடாது. அது பிறர் பொருள் என்பதோடு, எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது.

பழம் பழுக்கும் காலத்தில் பறவைகளை விரட்ட எரிவாயுவால் இயங்கும் வெடிக்கருவிகளை வைத்திருப்பார்கள். திடீரென்று கேட்கும் அந்தச் சத்தத்தில் பதறிக் கைப்பிடியைத் திருப்பிவிடாமலிருக்க, குழுவில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

சக்கரத்தில் ஒட்டும் மண்ணால் என்ன கேடு வந்துவிடும்?

வரும், பெருங்கேடே வரும். இதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதால்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபைலாக்சரா என்பது திராட்சை வேரைத் தாக்கும், அசுவினி இனத்துக்கு நெருக்கமான ஒரு சிறு பூச்சி. வட அமெரிக்காவைச் சேர்ந்த இது 1860களில் பிரான்ஸில் நுழைந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதை எதிர்த்து நிற்கும் அமெரிக்கக் கொடியின் வேர்ப்பகுதியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே அன்று கண்ட தீர்வு. இன்றும் அதுவே நடைமுறை. ஆனால் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் வளரும் கொடிகள் ஆஸ்திரேலியா, சிலி முதலிய நாடுகளில் இன்னும் ஏராளமாக உள்ளன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்பூச்சி செருப்பிலும் உடையிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். ஆகவேதான் ஆஸ்திரேலியாவில் பார்வையாளர்கள் கொடி வரிசைகளுக்குள் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

காட்டிலும் இதே கதை உண்டு. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிர் ஈர மண்ணில் பரவி மரங்களின் வேரை அழுகச் செய்கிறது. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளில் அது ஏற்படுத்திய சேதம் மிகப் பெரியது. அங்கே பாதைகளின் தொடக்கத்தில் காலணியையும் டயரையும் தேய்த்துக் கழுவுவதற்கென்றே நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். தோட்டத்திலிருந்து காட்டுக்குள் நுழையும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, டயரின் பட்டைகளுக்கிடையே அப்பிய மண்ணைக் குச்சியால் நெம்பி, பழைய பல்துலக்கியால் காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துவிட்டு உள்ளே போகலாம். வீடு திரும்பிய பின் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். ஈரமான மண்பாதையைத் தவிர்த்துக் கெட்டியான தரையில் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

எந்தப் பருவம் ஏற்றது?

வட அரைக்கோளத்தில் மே, ஜூன் மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். இலைகள் விரிந்து தோட்டம் பசுமையாக இருக்கும், பகல் நீண்டிருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. அறுவடைக் காலம் கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் வடக்கே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் வண்டிப்பாதைகளில் டிராக்டர் நடமாட்டம் இடைவிடாது இருக்கும். அப்போது போவதானால் ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. கொடிகள் உறங்கும் குளிர்காலத்தில் கவாத்து நடக்கும். வெட்டிப்போட்ட காய்ந்த குச்சிகளும் கம்பித் துண்டுகளும் பாதையில் கிடந்து டயரைப் பதம் பார்க்கும். அந்த மாதங்களில் கூடுதல் டியூப் இரண்டாவது கையில் இருக்கட்டும்.

எந்தச் சைக்கிள், எந்த டயர், எந்த கியர்?

35 முதல் 45 மி.மீ. வரை அகலமுள்ள டயர் பொருந்தும் எந்தச் சைக்கிளும் போதும். மெல்லிய பந்தய டயர் சரளையில் தடுமாறும். 40 மி.மீ. டயரில் 75 கிலோ எடையுள்ளவர் சுமார் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். அழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்ற எண்ணம் சரளைத் தரையில் பலிப்பதில்லை. சைக்கிள் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி ஆற்றலை வீணாக்கும்.

கியரைப் பொறுத்தவரை, முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் கொண்ட ஓர் இணையாவது, எடுத்துக்காட்டாக 34க்கு 34, இருக்க வேண்டும். அதில் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகம் கிடைக்கும். இதைவிட இலகுவான கியர் இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

எலெக்ட்ரிக் சைக்கிளின் பேட்டரி தாங்குமா?

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், 600 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் தேவைப்படும் ஆற்றல் சுமார் 165 வாட்-மணி. மோட்டாரின் இழப்பும் சமதரை ஓட்டமும் சேர்ந்தாலும், மிதித்துக்கொண்டே குறைந்த உதவியில் போனால் 500 வாட்-மணி பேட்டரி 45 கி.மீ. சுற்றுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பல பூங்காக்களில் எலெக்ட்ரிக் சைக்கிளுக்குத் தனி விதி உண்டு. அதை முன்பே பார்க்க வேண்டும்.

தண்ணீர், உணவு எவ்வளவு?

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை; வெயில் கடுமையானால் அதற்கு மேலும் தேவைப்படும். காட்டுப் பகுதிக்குள் தண்ணீர் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, நுழையும் முன் கடைசி ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் தெரியும் குழாயையும் தொட்டியையும் நம்ப வேண்டாம். அது பாசன நீராகவோ, மருந்து கலக்கும் நீராகவோ இருக்கலாம். பசி எடுத்த பிறகு உண்பது தாமதம். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து கிடைக்குமாறு சிறிது சிறிதாகச் சாப்பிட்டுக்கொண்டே வர வேண்டும்.

வழியில் ஒயின் சுவைத்துப் பார்க்கலாமா?

ஓட்டம் முடிந்த பிறகு சுவைக்கலாம். மது அருந்திவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம்; சட்டம் ஒருபுறமிருக்க, இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய கணத்தைத் தவறவிட ஒரு கோப்பையே போதும். சுவைக்கும் இடத்தைத் தங்குமிடத்துக்கு நடந்து போகும் தொலைவில் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. முக்கால் லிட்டர் புட்டி ஒன்று ஒன்றேகால் கிலோ அல்லது அதற்கு மேலும் எடையிருக்கும் என்பதால், வாங்குவதை அஞ்சலில் அனுப்பச் சொல்லிவிடலாம்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

சமதரை வேகத்தை மணிக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 45 கி.மீ., 600 மீட்டர் ஏற்றம் என்றால் ஓட்டம் மட்டும் சுமார் மூன்று மணி இருபது நிமிடம். காட்சி பார்க்க, சாப்பிட, பஞ்சர் ஒட்ட என்று நின்று நிதானித்தால் ஐந்து மணி நேரம். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது காட்டை விட்டு வெளியேறும்படி புறப்பாட்டை அமைக்க வேண்டும். மானும் காட்டுப்பன்றியும் மேய வெளிவருவது அந்தி வேளையில்தான். அவற்றின் அமைதிக்காகவும் நம் பாதுகாப்புக்காகவும் அந்த வேளையை அவற்றுக்கே விட்டுவிடுவது முறை.

இறக்கத்தில் எதைக் கவனிப்பது?

வெயிலிலிருந்து மரநிழலுக்குள் வேகமாக நுழையும் அந்த இரண்டு மூன்று விநாடிகளை. கண் இருட்டுக்குப் பழகும் முன், குழியும் ஈரச் சருகும் சரளைக் குவியலும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிழலின் விளிம்பு வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை இறுக்காமல், வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து முடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து உரசவிட்டால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்துவதே சரி.

இடையில் முடியாமல் போனால்?

சுற்றுப்பாதையின் குறை, பாதி வழியில் திரும்பிப் போவதும் முன்னேறுவதும் ஒரே தூரமாகிவிடுவதுதான். ஆகவே திட்டமிடும்போதே எட்டின் வடிவத்தை மனத்தில் வையுங்கள்: தோட்டத்துச் சிறு வளையம் ஒன்று, காட்டுக்குள் போகும் பெரிய வளையம் ஒன்று, இரண்டும் சந்திக்கும் ஓர் ஊர். அந்த ஊரை அடையும்போது வானிலையையும் குழுவில் மிகவும் களைத்தவரின் நிலையையும் பார்த்து, ஏற்றத்துக்குள் போவதா, சிறு வளையத்தோடு முடிப்பதா என்று அங்கேயே முடிவெடுக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சிறு வளையமே முழு நாளுக்குப் போதுமானது. காட்டுக்குள் போன பிறகு தார்ச்சாலையைத் தொடும் இடங்கள் எவை என்பதை வரைபடத்தில் குறித்து, இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். அச்சாலைகளில் ஓடும் பேருந்தோ அருகிலுள்ள ரயிலோ சைக்கிளை ஏற்றிக்கொள்ளுமா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் முந்தைய நாளே விசாரித்துத் தாளில் எழுதிவைப்பது நல்லது.